பாயும் பொறியும்: குமரிக் கரையில் பழைய கலங்கள் புதுப்பிக்கப்பட்ட வரலாறு

கிழக்கே ஆரோக்கியபுரம் தொடங்கி மேற்கே நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும் குமரி மாவட்டக் கடற்கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஆயினும் அவற்றின் கலங்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஏற்ற இயற்கையான துறைமுகம் அந்நீளம் முழுவதிலும் இல்லை என்றே சொல்லலாம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் அலைகள் செங்குத்தான மணற்கரையில் நேராக வந்து உடைவதால், கடலுக்குச் செல்லும் எந்தக் கலமும் அலையை வெட்டிக்கொண்டு வெளியேறவும், திரும்பும்போது அலையோடு வந்து மணலில் மோதி ஏறவும், பிறகு மனிதர் தோளால் மேட்டுக்கு இழுக்கப்படவும் தாங்கவேண்டியிருந்தது. இக்கரையின் கலங்கள் எவ்வாறு வாங்கப்பட்டன, எவ்வாறு பழுது பார்க்கப்பட்டன, எந்தப் புதுமையை ஏற்றன, எதை ஏற்க மறுத்தன என்பவற்றையெல்லாம் தீர்மானித்தது இந்த நிலவியல் நிபந்தனைதான்.

இந்த நிபந்தனைக்கு மிகப் பொருத்தமாக விடையளித்த கலம் கட்டுமரம். மீனவர் பேச்சில் வெறுமனே ‘மரம்’ என்று குறிக்கப்படும் இக்கலம், எடை குறைந்த மரங்களின் தடிகளைச் செதுக்கி, மூன்று முதல் ஐந்து வரை அடுத்தடுத்து வைத்து, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகளோடு கயிற்றால் பிணைத்துச் செய்யப்படுவது. தண்ணீர் உள்ளே புகுந்து மூழ்கடிப்பதற்கு அதில் உட்குழிவே இல்லை. அலை அதன்மேல் ஏறித் தடிகளின் இடுக்குகள் வழியே இறங்கிவிடும். முக்கோண வடிவப் பாயை ஏற்றி, விடியற்காலையில் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்றில் வெளியே சென்று, பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்றில் திரும்பும் முறை, எண்ணெயோ இயந்திரமோ இன்றித் தலைமுறைகளாக நிலைத்தது. சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920ல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய கலங்களை விரிவாக ஆராய்ந்தமை, அவை பழமையின் எச்சங்களாக மட்டுமன்றித் தேர்ந்த பொறியியல் தீர்வுகளாகவும் அறிஞர் கண்ணில் பட்டன என்பதைக் காட்டுகிறது.

கட்டுமரத்தின் விலையும் ஆயுளும் ஒரே காரணத்தைச் சார்ந்தவை: அதன் மிதப்பு மரத்தின் இலேசிலிருந்து வருகிறது, ஆனால் இலேசான மரம் நீரை எளிதில் உறிஞ்சும். ஆகவே கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளைப் பிரித்து வெயிலில் காயவைப்பது தொழிலின் பிரிக்கமுடியாத பகுதியாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, எவ்வளவு காய்ந்தாலும் ஒரு பங்கு ஈரம் உள்ளேயே தங்கி, மரம் ‘ஊறிப்போன’ நிலையை அடையும். தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும், தோளில் கனக்கும், அலையில் சோம்பும். பழைய மரம் ஒன்றை விலைக்கு வாங்குபவர் முதலில் பார்ப்பது இதைத்தான்: தடியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தால் கைக்குத் தெரியும் கனமே அதன் வயதைச் சொல்லிவிடும். எனினும் பிணைப்பு கயிற்றாலானது என்பதால், ஊறிய தடியை மட்டும் நீக்கிப் புதியதைச் சேர்க்க முடிந்தது. ஆணியடித்து மூடிய கலத்தில் இத்தகைய பகுதிப் புதுப்பிப்பு அத்தனை எளிதன்று. உடைமையாளர் தம் கையாலேயே, தம் கரையிலேயே, தம் வரவுக்கு ஏற்பச் சிறிது சிறிதாகப் புதுப்பிக்கக்கூடிய கலமாக அது இருந்தது. பின்னர் வந்த எந்தக் கலத்தையும் மதிப்பிடுவதற்கு இப்பண்பு ஓர் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கட்டுமரத்தோடு வள்ளமும் வழங்கியது. வள்ளம் என்பது பெருமரம் ஒன்றைக் குடைந்து அடிப்பகுதி செய்து, தேவைக்கேற்பப் பக்கங்களில் பலகைகளை உயர்த்திச் சேர்த்த கலம். மாவும் அயினியும் அதற்குரிய மரங்கள். பலகைகளை இரும்பாணி இன்றித் தென்னங்கயிற்றால் தைக்கும் முறை மேற்குக் கரையெங்கும் பரவியிருந்தது. தையல் கயிறு நைந்தபோது அதை அறுத்துப் பலகைகளைப் பிரித்து, நல்லவற்றை வைத்துக்கொண்டு மீண்டும் தைத்துவிடலாம். மரத்தின் மேல் மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசப்பட்டன. பனிச்சைக்காயின் துவர்ப்புச் சாறு படகின் பொருத்துகளுக்கும் பருத்தி வலைகளுக்கும் காப்பாயிற்று. நாள்தோறும் கரையேற்றப்பட்டதால், துறைமுகத்தில் மிதந்தே கிடக்கும் மரக்கலங்களை அரித்துத் தின்னும் கப்பல்புழு இவற்றை அவ்வளவாக அண்டவில்லை. இவ்வாறு பேணப்பட்ட நல்ல குடைவு வள்ளம் உடைமையாளரின் காலத்துக்குப் பின்னும் கைமாறும் சொத்தாக விளங்கியது. புதிய வள்ளத்துக்குப் பணம் திரட்ட இயலாதவர் பழையதை நாடினர். அதற்கும் முன்பணம் மீன் வியாபாரியிடமிருந்தே பெரும்பாலும் வந்தது. அந்த முன்பணத்துக்கு ஈடாகப் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே விற்கவேண்டியிருந்தமையால், கலம் மீனவருடையதாக இருந்தும் அதன் பயன் முழுமையாக அவருடையதாக இல்லை. கலங்களின் வரலாற்றை மரத்தையும் பாயையும் மட்டும் வைத்து எழுதுபவர்கள் இந்தக் கடன் பிணைப்பைக் கவனிக்கத் தவறுவது வருந்தத்தக்கது.

பழைய பாய்க்கலத்தில் பொறியைப் பொருத்தும் முயற்சி இப்பகுதிக்கு மிக அருகில் முதன்முதலாகத் திட்டமிட்டு மேற்கொள்ளப்பட்டது 1950களில்தான். இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் 1952ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை வட்டாரத்தில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கப்பட்டது. குமரிப் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள் அடங்கியிருந்தது, 1956 நவம்பர் 1 அன்றே அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திட்டத்தார் முதலில் எண்ணியது உள்ளூர் வள்ளங்களிலேயே சிறு டீசல் பொறியை ஏற்றுவதைத்தான். ஆனால் கலத்தின் உள்ளே பொறியை வைத்தால் அதன் சுழல்தண்டு அடிப்பகுதியைத் துளைத்து வெளியேறவேண்டும். அந்தத் தண்டும் விசிறியும் மணலில் மோதிக் கரையேறும் கலத்துக்குப் பொருந்தாதவை. பொறியின் எடையோ தோளால் இழுக்கும் கலத்தை இழுக்கமுடியாததாக ஆக்கிவிடும். எனவே பழைய கலத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் கைவிடப்பட்டு, துறைமுகத்தில் மிதந்து நிற்கும் புதுவகைப் படகுகள் வடிவமைக்கப்பட்டன. அப்படகுகள் பின்னர் இறால் பிடிக்கும் இழுவைப் படகுகளாக மாறியதும், அந்த மாற்றம் குளச்சல் உள்ளிட்ட கரைகளில் பாய்க்கலத்தாருக்கும் விசைப்படகினருக்கும் இடையே நெடிய பூசலை உண்டாக்கியதும், கரையிலிருந்து மூன்று கடல்மைல் தொலைவுக்குள் விசைப்படகு மீன்பிடிப்பைத் தடுத்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ல் வந்ததும் தனியே எழுதத்தக்க வரலாறு.

துறைமுகம் இல்லாத ஊர்களின் பழைய கலங்களுக்கு என்ன வழி என்ற கேள்வி இவ்வாறு விடையின்றி நின்றபோது, அதை எடுத்துக்கொண்டவர்கள் குமரிக் கரையிலுள்ள முட்டத்தில் பணியாற்றியவர்கள். 1930ல் நிறுவப்பட்ட கோட்டாறு மறைமாவட்டத்தின் சார்பில், பெல்ஜிய நாட்டுக் குருவான ஜேம்ஸ் டோம்பரின் முன்முயற்சியால் உருவான கோட்டாறு சமூக சேவைச் சங்கம், 1970களில் முட்டத்தில் படகு கட்டும் மையம் ஒன்றை நடத்தியது. அதன் வடிவமைப்புப் பணிக்குப் பொறுப்பேற்றவர் பியேர் ஜிலே. ‘சிறியதே அழகு’ என்ற பொருளுடைய நூலை 1973ல் எழுதிய பொருளியலாளர் ஷூமாக்கர் லண்டனில் நிறுவியிருந்த இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழு இம்முயற்சிக்குத் துணை நின்றது. 1985ல் வெளிவந்த ஜிலேயின் நூல் ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும் தலைப்பைத் தாங்கியது. தலைப்பு மிகையன்று: முட்டத்தில் கட்டப்பட்ட முதல் மாதிரிகளை மீனவர்கள் எளிதில் ஏற்கவில்லை, அலையைத் தாங்கும் வலிமை, தோளுக்கு அடங்கும் எடை, பாய்க்கு ஏற்ற நிலைப்பு, ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலை ஆகிய நான்கும் ஒரே கலத்தில் அமையவேண்டியிருந்தது.

இம்முயற்சியின் அடிப்படைப் பொருள் கடல்நீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை. பலகைகளை வார்ப்பின்படி வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து வடிவம் கொண்டுவந்து, இணைப்புகளின் மேல் கண்ணாடி இழை நாடாவையும் பிசினையும் இட்டு இறுக்கும் ‘தைத்து ஒட்டும்’ முறை இதற்குப் பயன்பட்டது. இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் எளிய குடும்பங்கள் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்க சிறு பாய்ப்படகாக அறிமுகமாகிப் பல்லாயிரக்கணக்கில் பரவிய மிரர் படகு இதே முறையில் அமைந்ததுதான். ஓய்வுநாள் விளையாட்டுக்காக வகுக்கப்பட்ட நுட்பம் அன்றாடப் பிழைப்புக்கான கலமாக முட்டத்தில் உருமாறியது வியப்புக்குரியது; தென்னங்கயிற்றால் பலகை தைத்த கரைக்கு அது முற்றிலும் அந்நியமாகவும் இருந்திருக்காது.

ஒட்டுப்பலகை வள்ளம் விரைந்து பரவியதற்கு இரு காரணங்கள் துணை நின்றன. முதலாவது, குடைவதற்கு ஏற்ற பெருமரங்கள் அருகி அவற்றின் விலை ஏறியமை. இரண்டாவது, 1980களின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த வெளிப்பொருத்துப் பொறி. கலத்தின் பின்முனைப் பலகையில் மாட்டி, கரை நெருங்கும்போது தூக்கிவிடவும், கரையேறியதும் கழற்றித் தோளில் சுமந்து செல்லவும் தக்க இந்தப் பொறி, நார்வேத் திட்டத்தார் தீர்க்கமுடியாத சிக்கலைத் தீர்த்துவிட்டது. யமஹா, சுசுகி முதலிய பெயர்களில் வந்த பத்துக் குதிரைத்திறனை ஒட்டிய பொறிகள் பெட்ரோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. கூரிய பின்முனையுடைய பழைய வள்ளங்களுக்கும் தட்டையான கட்டுமரங்களுக்கும் பொறியைத் தாங்கப் பலகையோ சட்டமோ சேர்க்கவேண்டியிருந்தது. சட்டம் சேர்த்த இடத்தில் அதிர்வு விழுந்து பொருத்துகள் தளர்ந்தன. பாய்க்காகச் செய்த கலத்தில் உந்துவிசை மேலிருந்து வருகிறது, பொறியோ பின்முனையிலிருந்து தள்ளுகிறது. இந்த வேறுபாடு கலத்தின் எலும்பையே வேறாகக் கேட்கிறது. மேலைநாடுகளில் பழைய பாய்ப்படகை வாங்கிப் புதுப்பிப்போர் பாயை முதன்மையாகவும் பொறியைத் துணையாகவும் கொள்வர். குமரிக் கரையிலோ சில ஆண்டுகளுக்குள் பொறி முதன்மையாகி, எண்ணெய் தீர்ந்தாலோ பொறி நின்றாலோ கரை சேர்வதற்கான துணையாகப் பாய் ஒதுங்கியது.

1980ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, முட்டம் உள்ளிட்ட இடங்களில் படகுத் தளங்களையும் பொறி பழுதுநீக்கும் பட்டறைகளையும் நடத்தி இம்மாற்றத்துக்கு முறையான வடிவம் கொடுத்தது. ஊர்ச்சங்கத்தின் வழியே மீனை விற்று, அன்றாட வரவின் ஒரு பங்கைக் கடனுக்குக் கழிக்கும் ஏற்பாடு, வியாபாரியின் முன்பணப் பிடியைத் தளர்த்தியது என்பதே, இக்கட்டுரையின் மதிப்பீட்டில், அக்கூட்டமைப்பின் மிகப் பெரிய பணி; படகு அதற்கு அடுத்ததே. எனினும் ஓர் இழப்பும் உண்டு. பழைய ஒட்டுப்பலகை வள்ளத்தை வாங்குபவர் பலகையின் வெட்டு ஓரங்களைத் தேடிப் பார்க்கவேண்டும். பூச்சு விரிந்த இடத்தில் நீர் புகுந்தால் பலகையின் படலங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும். விரல் கணுவால் தட்டினால் நல்ல பலகை கெட்டியாக ஒலிக்கும். படலம் விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும். அத்தகைய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு பொருத்துவதற்குப் பிசினும் பயிற்சியும் தளமும் தேவை. கயிற்றை அவிழ்த்துத் தடியை மாற்றிய கைக்கு அது எட்டவில்லை. புதுப்பிக்கும் அறிவு கரையிலிருந்து தளத்துக்கும், தளத்திலிருந்து கடைக்கும் இடம்பெயர்ந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களைத் தாக்கி மனித உயிர்களோடு கலங்களையும் வாரிச்சென்றபின், நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள். குறுகிய காலத்தில் மிகுதியாகச் செய்யப்பட்டமையால் அவற்றுள் பலவற்றின் தரம் ஐயத்துக்குரியதாக இருந்தது. அதைவிட ஆழமான மாற்றம், பெரும்பாலானவற்றில் பாய்மரம் ஊன்ற இடமே வைக்கப்படவில்லை என்பது. ஊறிய மரத்தை மாற்றித் தொழிலைத் தொடர்ந்திருக்கக்கூடிய கட்டுமரக்காரர்களும் இழைப் படகுக்கு மாறினர்; மண்ணெண்ணெய் விலை ஏறியபோது பாயைத் திரும்ப ஏற்றும் வாய்ப்பு அவர்களுக்குக் கலத்தின் அமைப்பிலேயே அடைபட்டிருந்தது.

இழைப் படகு அழுகாது, புழு அரிக்காது, ஊறிக் கனப்பதும் குறைவு. ஆகவே பழைய படகுகளின் விற்பனை முன்னெப்போதையும்விட எளிதாயிற்று. விரிசலைத் தேய்த்துக் கண்ணாடி இழை விரிப்பும் பிசினும் இட்டு ஒட்டும் வேலையை ஊர் இளைஞர்கள் கரையிலேயே கற்றுக்கொண்டதால், தளத்துக்குப் போன அறிவின் ஒரு பகுதி கரைக்குத் திரும்பியுள்ளது எனலாம். விசைப்படகுகளின் பெரும் பழுதுபார்ப்பு, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நடைமுறையிலுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருசேர நடைபெறுகிறது. ஆனால் ஒட்டி ஒட்டி இனி ஒட்டமுடியாத நிலைக்கு வந்த இழைப் படகுக்கு அடுத்த பயன் இல்லை. ஊறிய கட்டுமரத் தடி அடுப்புக்குப் போயிற்று, குடைவு வள்ளத்தின் பலகை வேறொன்றுக்கு உதவியது. இழைக்கலத்தையோ எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மட்காத குப்பை. ஐரோப்பியப் படகுத் துறைகளிலும் 1960, 70களின் இழைப் பாய்ப்படகுகளை என்ன செய்வது என்ற இதே கேள்வி எழுந்து, பிரான்ஸ் நாடு அவற்றைத் திரட்டிப் பிரித்தழிக்கும் ஏற்பாட்டைப் படகு உற்பத்தியாளர் பொறுப்பில் நடத்திவருகிறது. துறைமுகமும் இடவசதியும் குறைந்த குமரிக் கரைக்கு, படகுகளை வழங்குவோரும் மானியம் அளிப்போரும் அத்தகைய பொறுப்பை ஏற்கும் ஏற்பாடு இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது.