தப்பான பெயர் வைத்த காய்ச்சல்

1998 செப்டெம்பர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல், தலையிடி, பிறகு மயக்கம். சிலரின் இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரிகள் கிடைத்தன. பெயர் வைத்தாச்சு. நுளம்புக்குப் புகை அடிச்சாச்சு, தடுப்பூசியும் போட்டாச்சு. ஆனா சாவு நிக்கேல்ல.

அந்த முடிவை முழுக்க முட்டாள்தனம் என்றும் சொல்லேலாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அங்கே ஏற்கெனவே இருந்த நோய்; பன்றிகளிலிருந்து நுளம்பு வழியாகத்தான் அதுவும் மனிதருக்கு வரும். ஆனால் சில விடயங்கள் பொருந்தவில்லை. அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. பன்றியோடு சம்பந்தமில்லாத அயலவர்கள் தப்பினார்கள். நுளம்பு என்ன, ஆள் பார்த்தா கடிக்கும்?

இதற்கிடையில் பன்றிகள் லொறி ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் கூடவே போனது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கோ பிங் புதிய வைரசைப் பிரித்தெடுத்தார். அதை அடையாளம் காண, மாதிரிகளோடு அவரே அமெரிக்காவுக்குப் பறக்க வேண்டியிருந்தது. அந்த நோயாளியின் கிராமமான சுங்கை நிபாவின் பெயரே வைரசுக்கு வந்தது. அந்தப் பரவலில் மொத்தமாக மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்துபோயினர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

2018 மே, கேரளாவின் கோழிக்கோடு. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வந்ததைக் கண்டு சந்தேகப்பட்ட வைத்தியர்கள், மாதிரிகளை மணிப்பால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் இல்லை, சில நாட்களிலேயே நிபா என்று தெரிந்தது. அப்படியிருந்தும் முதல் நோயாளியைப் பராமரித்த தாதி லினியைக் காப்பாற்ற முடியவில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு, பெயர் தெரியுமுன்னரே தொற்றிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு யாரைத் தனிமைப்படுத்துவது, யாரைக் கண்காணிப்பது என்று தெரிந்தது. சில வாரங்களில் நோய் அடங்கியது.

விரைவான பரிசோதனை என்றதும் நாம் கருவியைத்தான் நினைக்கிறோம். கருவி வேணும்தான், அதுவும் பக்கத்தில் வேணும். ஆனால் அதுக்கு முதல், "ஆருக்கு வருது, ஆருக்கு வரேல்ல?" என்று கேட்க ஒரு ஆள் வேணும். அந்தக் கேள்விக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.