அடகும் கைமாற்றும்

1991 ஜூலையில் அரசின் ஒப்புதலோடு ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை மும்பையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் ஏற்றியது. கொண்டுபோன வண்டிகளில் ஒன்றுக்கு வழியில் டயர் வெடித்து, காவலுக்கு வந்தவர்கள் பதறிப்போனார்களாம். அந்தத் தங்கத்தின் பேரில் இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் கொடுத்தது ஏறத்தாழ 40 கோடி டாலர். இரண்டு வார இறக்குமதிக்குத்தான் கையில் அந்நியச் செலாவணி இருந்த நேரம் அது. கோலார் தங்கவயலில் அப்போதும் ஷிப்டு மாறிக்கொண்டுதான் இருந்தது.

அந்தத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் அடகுக்கடைப் படியேறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நகை கடையில் இருக்கும்வரை வீட்டில் பேச்சே அதுதான். அரசும் அப்படித்தான் பரபரத்தது; ஆண்டு முடிவதற்குள் கடன் அடைந்துவிட்டது.

உள்ளூரில் வாங்கிய கைமாற்றுக்கு இந்தப் பரபரப்பு இல்லை. 1955-இல் ரிசர்வ் வங்கியோடு அரசு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. அரசுக் கணக்கின் இருப்பு வெள்ளிக்கிழமைகளில் 50 கோடி ரூபாய்க்கும் மற்ற நாட்களில் 4 கோடிக்கும் கீழே இறங்கினால், 91 நாள் கருவூல உண்டியல் ஒன்று தானாகவே எழுதப்படும், வங்கி பணம் போட்டுவிடும். 91 நாள் என்பது பெயருக்குத்தான். பழைய உண்டியல் முதிரும், புதியது பிறக்கும். 1974 முதல் வட்டி 4.6 சதவீதத்திலேயே நின்றது. அந்த வட்டிக்கு எந்த சேட்டு கடன் கொடுப்பார்?

மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்த 1994 செப்டம்பரில் இதற்கு முடிவுகட்ட ஒப்பந்தம் ஆயிற்று. 1997 ஏப்ரல் முதல் புது உண்டியல் இல்லை. நிலுவையில் நின்றவற்றை மட்டும், முதிர்வுத் தேதியே இல்லாத சிறப்புப் பத்திரங்களாக அதே 4.6 சதவீதத்துக்கு மாற்றி எழுதினார்கள். இதையும் கடன் தீர்த்த கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. டாலரை நாம் அச்சடிக்க முடியாது, அதனால் லண்டனுக்குத் தவணை தவறவில்லை. ரூபாயை அச்சடிக்கலாம். அதன் பாரத்தை மளிகைக் கடையில் சுமந்தது யார் என்பது வேறு பேச்சு.

கோலாருக்கும் ஒரு கைமாற்றுக் கணக்கு உண்டு. 1962 டிசம்பரில் சுரங்கங்கள் மத்திய நிதியமைச்சகத்தின் கீழ் வந்தன. உள்நாட்டுக் கடைவிலைக்கு வைக்காமல் உலக விலைக்கே தங்கத்துக்குக் கணக்கு வைத்தார்கள் என்பது தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பழைய மனக்குறை. அந்தக் கணக்கில் நட்டம் ஏறியது. 1992-இல் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நலிந்த நிறுவனங்களின் பட்டியலுக்குப் போனது; 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. தொழிலாளர்கள் நிலுவை கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுவும் வழக்குமாக அலைந்தார்கள். இங்கிலாந்து வங்கியிடம் ஈடு இருந்தது, ரிசர்வ் வங்கியிடம் பத்திரமாவது இருந்தது. இவர்கள் வெட்டிய தங்கமோ அன்றன்றே ஷாஃப்டில் மேலேறி அரசுக் கணக்கில் சேர்ந்துவிட்டது.