ஓவேலியின் மரக்கணக்கு

கூடலூரை அடுத்த ஓவேலியின் பெயர் காதுக்குத் தமிழ்ப் பெயர் போலவே கேட்கும். உண்மையில் அது ‘ஆக்டர்லோனி வேலி’ என்பதன் தேய்வு. 1847இல் நீலகிரியை அளந்து வரைபடமாக்கிய கேப்டன் ஜான் ஆக்டர்லோனியின் சகோதரர் ஜேம்ஸ், நிலம்பூர்க் கோவிலகத்துத் திருமுல்பாடிடமிருந்து இப்பள்ளத்தாக்கில் நிலம் பெற்று, 1840களில் காட்டை வெட்டிக் காப்பி பயிரிட்டார். இடத்தின் பெயர் பிறந்ததும் அங்கு மரங்கள் சாயத் தொடங்கியதும் ஒரே காலம்தான்.

ஓர் ஊரின் மரங்கள் கூடினவா குறைந்தனவா என்று ஆராய்வது இன்று கல்லூரி மாணவர்களுக்கு எளிதாகியிருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972இல் தொடங்கியது. அதன் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஓவேலி போன்ற இடத்தில் மேலிருந்து பார்க்கும் கண் எளிதில் ஏமாந்துவிடும். இலைத்துரு நோயால் காப்பி சரிந்தபின் சிங்கோனாவும் தேயிலையும் வந்தன. தேயிலைக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நடப்பட்டது. வெட்டுண்ட காடும் பின்னர் நட்ட நிழல்மரமும் படத்தில் ஒரே பச்சையாகத் தெரியக்கூடும்.

அரசின் கணக்கும் இதற்கு விலக்கல்ல. இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில், 1 எக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது வனப்போர்வை. மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. ஆகவே சோலை அழிந்து தோட்டம் பெருகிய ஓர் இடத்திலும், எண்ணிக்கையளவில் பசுமை குறையாதது போன்ற தோற்றம் உண்டாகலாம்.

இது வெறும் கல்விப்புல ஐயம் அன்று. ஜன்ம நிலங்களை ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவின்கீழ் வரும் நிலங்களில் தோட்டக் கம்பெனிகளும் இருந்தன; பல தலைமுறைகளாக வாழும் எளிய குடும்பங்களும் பட்டா இன்றி இருந்தன. 1995இல் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தை நாடியவர் டி.என். கோதாவர்மன் திருமுல்பாடு. அவரும் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்தவரே. முன்பு காட்டை வெட்டுவதற்கு நிலம் தந்த அதே குடும்பத்தின் பெயர், ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, காட்டைக் காக்கும் வழக்கின் பெயராயிற்று. அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், காடு என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யாருடையதாயினும் சரி என்று ஆணையிட்டது. ஒரு சொல்லின் பொருள் இத்தனை பேரின் வீட்டு வாசலைத் தொட்டது தமிழ் பயின்ற எனக்கு இன்றும் வியப்பூட்டுவது.

அப்படியானால் மாணவர் செய்ய வேண்டியது என்ன? பக்கத்திலேயே முன்மாதிரி உள்ளது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1988இல் 50 எக்டேர் நிலத்தை வரையறுத்து, 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, அது எந்த இனம், வளர்ந்ததா, மடிந்ததா என்று தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். அங்கே ஒரு மரவினம் யானைகள் உண்பதால் விரைந்து குறைந்தது என்பதும், தீயும் வறட்சியும் எவற்றைப் பாதிக்கின்றன என்பதும் இப்படித் தரையில் நின்று எண்ணியதால் தெரியவந்தவை.

ஓவேலியிலும் படத்தோடு நிலவரி ஆவணமும், தோட்டத் தொழிலாளரும் பணியரும் காட்டுநாயக்கரும் சொல்லும் இடப்பெயர்களும், தரையில் இனம் பார்த்து எண்ணிய மரங்களும் சேர வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கும் கணக்கே பிற்காலத்தில் ஒரு நீதிமன்றத்துக்கும் ஓர் ஏழைக்கும் ஒருசேரப் பயன்படும்.