நெடுநாள் உறங்கிய பந்தயக் கார்: சிங்கப்பூர் வரலாறும் மதிப்பிடும் முறையும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அவ்விதி பொருந்தாது. பல்லைக் கொண்டு வயதை அறிவதும், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பதும், சுழியையும் கொம்பையும் ஆராய்வதும் தமிழ் மக்கள் வழிவழியாகப் பயின்ற கலைகள். சிங்கப்பூரில் இக்கலை நாள்தோறும் வழங்கிய இடம் சிராங்கூன் சாலை வட்டாரம். அங்குள்ள பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்னும் இரு தெருப்பெயர்களுமே எருமையைக் குறிப்பன. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று மலாய். பெலிலியஸ் ரோடு, அவ்வட்டாரத்தில் பெரும் மாட்டு வணிகராக விளங்கிய ஐ. ஆர். பெலிலியஸ் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1930ஆம் ஆண்டுகளில் மாட்டு வாணிகம் அங்கே ஒடுங்கியது. அருகிலுள்ள ஜாலான் புசார் பகுதியில் மோட்டார் உதிரிப் பொருள் விற்கும் கடைகள் பெருகின. பழம்பொருள்களுக்குப் பேர்பெற்ற சுங்கை ரோடு சந்தையும் 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்படும் வரை பக்கத்திலேயே நடந்துவந்தது.

மாடு போய் மோட்டார் வந்தது. ஆயினும், வாங்குபவருக்கு வேண்டிய கண் மாறவில்லை. பல ஆண்டுகள் ஓடாமல் கொட்டகையில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைப்பவருக்கு அக்கண் மிகவும் வேண்டும். ஏனெனில், அத்தகைய வண்டியில் இரும்பின் விலை சிறிது; அது இன்ன வண்டிதான் என்பதற்கான சான்றின் விலையே பெரிது.

மோட்டார் வந்த வரலாறு

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் வந்தது 1896ஆம் ஆண்டில். அது ஜெர்மனி நாட்டு பென்ஸ் வண்டி. தருவித்தவர் காட்ஸ் பிரதர்ஸ் என்னும் வணிக நிறுவனத்தார். அவ்வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் சார்லஸ் பர்ட்டன் பக்லி. பழைய சிங்கப்பூரின் நிகழ்ச்சிகளைத் திரட்டி 1902ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட வரலாற்றாசிரியர் அவரே. அவருடைய கார் எழுப்பிய இரைச்சலைக் கேட்ட ஊரார் அதற்குக் ‘காப்பி இயந்திரம்’ என்று பெயர் சூட்டினர். இந்நகரின் முதல் கார்களுள் ஒன்று ஒரு வரலாற்றாசிரியர் கையில் இருந்தது பொருத்தமே. பழைய காரை அறிவதும் வரலாற்று ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான்.

பிறகு பதிவு எண்கள் வந்தன. சிங்கப்பூரில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண்மணி என்று போற்றப்படும் டேர் அம்மையாரின் வண்டி எஸ்-1 என்னும் எண்ணைத் தாங்கியது. எண் பெற்ற நாள் முதல் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டாயிற்று. அவ்வரலாற்றுச் சங்கிலி பல இடங்களில் அறுந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். அடுத்து வந்த ஆட்சியில் தனியார் வண்டிகள் பறிக்கப்பட்டன. ஆதலால், போருக்கு முந்திய வண்டி ஒன்றின் பத்திரங்களில் 1942 முதல் 1945 வரை ஓர் இடைவெளி காணப்பட்டால் அது வியப்பன்று. இடைவெளியே இல்லாமல் எல்லாம் ஒழுங்காக இருப்பின், அதைத்தான் ஐயுற வேண்டும்.

தாம்சன் சாலை

1961ஆம் ஆண்டில் அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ பந்தயம் தொடங்கியது. ஊர் மக்கள் அன்றாடம் செல்லும் பொதுச்சாலையையே அடைத்து, சுற்றுக்கு ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதையாக்கினர். முதலாண்டில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் காரை ஓட்டி இயன் பார்ன்வெல் வென்றார். 1962இல் யோங் நாம் கீ ஜாகுவார் இ-டைப் காரில் வென்றார். 1963இல் ஆல்பர்ட் பூன் லோட்டஸ் 23 வண்டியில் வாகை சூடினார். உயிரிழப்புகளும் போக்குவரத்து இடையூறும் சேர்ந்து 1973ஆம் ஆண்டோடு அப்பந்தயத்தை முடித்துவைத்தன. 2008இல் மரினா பே பகுதியில் இரவுப் பந்தயம் தொடங்கும் வரை சிங்கப்பூரில் கிராண்ட் பிரீ நடைபெறவில்லை.

வென்ற வண்டிகளின் இனங்களை நோக்கினால் சான்றின் அருமை விளங்கும். டிபி3எஸ் இனத்தில் செய்யப்பட்டவை மொத்தம் 31 வண்டிகளே. அவற்றுள் 11 நிறுவனத்தின் சொந்தப் பந்தயத்துக்கு. 20 வெளியாருக்கு விற்பனைக்கு. பந்தய வண்டியோ அடிக்கடி மோதும், எஞ்சின் மாற்றப்படும், ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் போகும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரே எண்ணுக்கு இரண்டு வண்டிகள் உரிமை கொண்டாடுவதும் உண்டு. ‘இது தாம்சன் சாலையில் ஓடிய வண்டி’ என்று விற்பவர் கூறும் ஒரு வாக்கியம் விலையைப் பன்மடங்கு உயர்த்திவிடும். அவ்வாக்கியத்தை மெய்ப்பிப்பது எது என்பதே முதற்கேள்வி.

எண்களைப் படித்தல்

முதலில் பார்க்க வேண்டியவை எண்கள். சாசி எண், எஞ்சின் எண், உடற்கூட்டின் எண் ஆகியவை தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு கழற்றி மாட்டக்கூடியது. ஆகவே அதை மட்டும் நம்பலாகாது. இரும்பிலேயே அடித்த எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஜாகுவார் இ-டைப் வண்டியில் சாசி எண் முன்பக்கச் சட்டத்திலும், எஞ்சின் எண் சிலிண்டர் பிளாக்கிலும் அடிக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் அரத்தால் தேய்த்த தடமோ, பற்றவைத்த தழும்போ இருப்பின் விலை பேசுவதை நிறுத்திவிடலாம்.

அடுத்தது, வண்டி பிறந்த இடத்துப் பதிவேடு. ஜாகுவார் வண்டிகளுக்கு அதன் மரபுரிமை அறக்கட்டளையும், எம்.ஜி., ஆஸ்டின்-ஹீலி முதலிய வண்டிகளுக்கு இங்கிலாந்தில் கெய்டன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகமும் சான்றிதழ் வழங்குகின்றன. தொழிற்சாலை ஏட்டில் உள்ளபடி எண்கள், நிறம், அனுப்பிய நாள் ஆகியவை அதில் இருக்கும். சிவப்பாக நிற்கும் வண்டி பிறக்கும்போது சாம்பல் நிறம் என்று ஏடு கூறினால், கதவின் உள்மடிப்பிலோ கம்பளத்தின் அடியிலோ சாம்பல் நிறம் எஞ்சியிருக்க வேண்டும்.

ஓலைச்சுவடி பதிப்பித்தோர் கையாண்ட முறையும் இதுவே. ஒரு சுவடியை மட்டும் நம்பாமல் பல பிரதிகளை ஒப்புநோக்கினர். செல்லரித்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்ப அஞ்சினர். ஏட்டைத் ‘திருத்தி’ எழுதியவனால் பாடம் கெட்டது போல, புதுச் சாயம் பூசி எண்ணைத் துலக்கியவனால் வண்டியின் சான்று கெடுகிறது. ஆகையால், தூசு படிந்து கிடக்கும் வண்டி, மெருகிட்டு நிற்கும் வண்டியைக் காட்டிலும் வாங்குபவருக்கு உண்மை கூறும்.

உடலைப் பார்த்தல்

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்நாட்டில் இருபது ஆண்டு கிடந்த வண்டியும் இங்கே இருபது ஆண்டு கிடந்த வண்டியும் ஒன்றல்ல. துரு வெளியிலிருந்து உள்ளே செல்வதைவிட உள்ளிருந்து வெளியே வருவதே மிகுதி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், தரைத்தகடு, முன்சக்கரங்களைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றில் ஈரம் தங்கி, மேலே வழவழப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். துணி சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்தினால், ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருப்பது தெரியவரும். அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது என்பதை மறத்தலாகாது. டிபி3எஸ் போன்ற வண்டிகளுக்கு அலுமினிய உடலே இயல்பு.

வண்டியின் நடுப்பகுதியை ஜாக்கியால் சிறிது தூக்கிக் கதவைத் திறந்து மூடுவது மற்றொரு சோதனை. கதவு இறுகினால் முதுகெலும்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. போன்ற வண்டிகளில் தகட்டுக்கு உள்ளே இருப்பது மரச்சட்டம். நம் நாடுகளில் அதற்குத் துருவைவிடக் கொடிய பகை கரையான். விரலால் தட்டினால் பொத்தென்ற ஓசை எழும். கூரிய ஊசி தடையின்றி இறங்கும். மாட்டின் விலா எலும்பை எண்ணியவர்க்கு இச்சோதனை புதிதன்று.

எழுப்பாமல் பார்த்தல்

வாங்குவோர் பலரும் செய்யும் பெரும்பிழை, பாட்டரியைப் பொருத்தி உடனே எஞ்சினைக் கிளப்பச் சொல்வது. நெடுநாள் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். வலுவில் சுழற்றினால் வளையம் முறியும், சுவர் கீறும். பிழைக்கக்கூடிய எஞ்சின் ஒரு நிமிடத்தில் மாளும். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு சாவி கொண்டு கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழன்றால் நல்ல அறிகுறி. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது.

பழைய பெட்ரோல் பிசினாகித் தாங்கியிலும் கார்புரேட்டரிலும் படியும். பிரேக் திரவமோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அதனால் பிரேக் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகும். கிளட்ச் தட்டு எஞ்சினின் சுழல்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும். மின்கம்பிகளை எலி கடித்திருக்கும். காற்று வடிகட்டியில் கூடு கட்டியிருக்கும். டயரில் பூ தேயாமல் இருப்பதைக் கண்டு மகிழ்தல் கூடாது. அதன் பக்கவாட்டில் உள்ள எண் செய்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். பழைய டயர் பார்வைக்குப் புதிதாயினும் ஓட்டத்துக்கு உதவாது.

இவற்றுள் பெரும்பாலானவை பழுதுபார்க்கக் கூடியவை. ஆதலால் மதிப்பிடுவோர் மூன்று பட்டியல் எழுதுவது நன்று: உள்ளவை, பழுதானவை, இல்லாதவை. பழுதான கார்புரேட்டரைச் செப்பனிடலாம். காணாமற்போன விளக்கு வளையத்தைத் தேட ஆண்டுகள் செல்லும். விலையைக் குறைக்க வேண்டியது மூன்றாம் பட்டியலைக் கொண்டே.

சட்டம் கூறுவது

சிங்கப்பூரில் மற்றொரு கணக்கும் உண்டு. 1990 மே மாதம் முதல் புதுக் காருக்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் காலம் பத்து ஆண்டு. பதிவு நீக்கப்பட்ட வண்டியை ஒரு மாதத்துக்குள் உடைக்கவோ நாட்டைவிட்டு அனுப்பவோ வேண்டும் என்பது விதி. ஆகவே, மறந்த கொட்டகையில் பழைய கார் உறங்குவது என்பது இத்தீவில் அரிது. அத்தகைய வண்டி பெரும்பாலும் கடல் கடந்தோ, ஜோகூர்ப் பாலம் கடந்தோதான் வரும். 35 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கெனத் தனித்திட்டம் இருக்கிறது. அதில் பதிந்த வண்டி ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓடலாம். வண்டியின் வயதை மெய்ப்பிக்கப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாத வண்டியை மலிவு என்று வாங்கியவர், நிறுத்த இடமும் ஓட்ட உரிமையும் இன்றித் தவிப்பார். சான்றில்லாத இரும்புக்கு விலை சிறிது என்பதன் பொருள் இதுவே.

பதின்மூன்று ஆண்டு நடந்த தாம்சன் சாலைப் பந்தயத்துக்குப் படங்களும் செய்தித்தாள்களும் எஞ்சியுள்ளன. வளைவுகள் நிறைந்த அப்பழைய சாலையும் இன்றுவரை இருக்கிறது. ஓடிய வண்டிகளோ உலகெங்கும் சிதறிவிட்டன. எங்கோ ஒன்று தூசு படிந்து வெளிப்படும்போது, அதன் தூசியைத் துடைப்பதற்கு முன் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்பவர் தம் பணத்தையும் காத்துக்கொள்வார். சிங்கப்பூரின் வரலாற்றில் ஒரு பக்கத்தையும் காத்துக்கொடுப்பார். மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், சான்று என்றால் என்ன என்று விளக்கக் கல்வெட்டையும் செப்பேட்டையும் மட்டுமே தேட வேண்டியதில்லை. துருப்பிடித்த ஒரு சாசி எண்ணும் அப்பாடத்தைக் கற்பிக்கும்.