குழித்துறையும் கெட்டிஸ்பர்க்கும்

1859ஆம் ஆண்டு!

உலகின் ஒரு கோடியில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹார்ப்பர்ஸ் ஃபெரி எனும் சிற்றூர். அக்டோபர் 16ஆம் நாள் இரவு, ஐம்பத்தொன்பது வயது நிரம்பிய ஒருவர், இருபத்தொரு தோழர்களுடன் அங்கிருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையைக் கைப்பற்றுகிறார். ஜான் பிரவுன் அவர் பெயர். அடிமைகளின் கையில் ஆயுதம் தந்தால் அவர்களே தங்கள் தளையை அறுப்பர் என்பது அவர் கண்ட கனவு. இரண்டே நாளில் பிடிபட்டார். டிசம்பர் 2ஆம் நாள் தூக்குமேடை ஏறினார்.

அதே ஆண்டு, ஜூலைத் திங்கள் 26ஆம் நாள். மறுகோடியில், திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அரசு ஒரு விளம்பரம் பிறப்பிக்கிறது. புதிய வரியா? இல்லை. போர் முழக்கமா? அதுவுமில்லை. நாடார் குலப் பெண்கள் இனி மார்பை மறைத்துக் கொள்ளலாம் என்று அனுமதி வழங்குகிறார் மன்னர்! அனுமதியிலும் ஒரு நிபந்தனை. குப்பாயம் அணியலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கொள்ளலாம், வேறு எவ்விதமாகவும் மூடிக் கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் உடுத்தலாகாது!

அமெரிக்க உள்நாட்டுப் போரை நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையை மனப்பாடமாகச் சொல்லும் மாணவத் தோழர்கள் உண்டு. அந்தப் போருக்கு ஓர் இணை நம் தென்கோடியிலேயே நடந்தது; அதைச் சொல்வோர்தாம் குறைவு. கோதையாறும் பறளியாறும் கூடித் தாமிரபரணியாகித் தேங்காய்ப்பட்டினத்துக் கடலை நோக்கி ஓடும் வழியில் குழித்துறை இருக்கிறது. விளவங்கோடு வட்டத்தின் தலைநகர். மார்த்தாண்டம் அதன் அங்காடி. 1956 வரை திருவிதாங்கூர்ச் சீமையில் அடங்கியிருந்த ஊர். அங்கே நின்றுகொண்டு அமெரிக்காவைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 1836இல் திருவிதாங்கூர் அரசு எடுத்த குடிமதிப்பில் மக்கள் 12,80,668 பேர். அவர்களில் அடிமைகள் 1,64,864 பேர். 1860இல் அமெரிக்கா எடுத்த குடிமதிப்பில் மக்கள் மூன்று கோடியே பதினான்கு லட்சம். அடிமைகள் முப்பத்தொன்பது லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்கள். அங்கும் எண்மரில் ஒருவர். இங்கும் எண்மரில் ஒருவர்! அமெரிக்காவின் இழிவை எழுத ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் இருந்தார். அவர் நூல் 1852இல் வெளிவந்து உலகை உலுக்கிற்று. இங்கே புலையரும் பறையரும் குறவரும் அடிமைகளாக நின்று நெல் விளைவித்த கதையை எழுத அன்று எந்தப் புலவர் எழுந்தார்? தலபுராணம் பாடவே நேரம் போதவில்லை அவர்களுக்கு!

நிலத்தை எப்படிக் கைமாற்றினார்களோ அப்படியே மனிதரையும் மாற்றினார்கள். ஜென்மமாக விற்றார்கள், காணமாக அடகு வைத்தார்கள், பாட்டத்துக்கு வாடகையாக விட்டார்கள். அரசாங்கமே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தது. 1812இல் ராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியில் அடிமை வாணிபத்துக்கு ஒரு தடை வந்தது. ஆனால் வயலில் உழைக்கும் அடிமைகளுக்கு அது பொருந்தாதாம்! வயலில் உழைக்காத அடிமை எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கக் கூடாது. கும்பினியார் ஆட்சிப் பகுதியில் 1843இல் அடிமைச் சட்டம் பிறந்தது. 1847இல் பாதிரிமார்கள் மன்னரிடம் விண்ணப்பம் தந்தார்கள். 1853இல் அரசாங்க அடிமைகளின் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் விடுதலை, 1855இல்தான் அனைவருக்கும்.

ஆக, லிங்கனுக்கு எட்டாண்டு முந்தியே இங்கே விடுதலை வந்துவிட்டது என்று மார்தட்டலாமா? தட்டுவோரும் உண்டு. ஒரு துளி இரத்தம் சிந்தாமல் ஒரு கையெழுத்தில் முடித்தார் எங்கள் மன்னர் என்பார்கள். அந்தக் கையெழுத்து எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பதினொரு தென்மாநிலங்கள் பிரிந்து நின்றன. 1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையில் பீரங்கி முழங்கிற்று. ஓராண்டல்ல, ஈராண்டல்ல, நான்கு ஆண்டுகள்! ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லிங்கன் தொடக்கத்தில் அடிமை ஒழிப்புக்காகப் போர் தொடுக்கவில்லை. ஒன்றியத்தைக் காப்பதே தம் நோக்கம் என்று 1862 ஆகஸ்டில்கூட வெளிப்படையாக எழுதினார். அவரைத் தள்ளிக்கொண்டு போனது போரின் போக்கும், பண்ணைகளை விட்டு ஓடிவந்து வடவர் பாசறையில் நின்ற அடிமைகளின் கால்களுமே. 1863 சனவரி 1இல் விடுதலைப் பேரறிக்கை வெளிவந்தது. அதன்பின் ஏறத்தாழ 1,80,000 கறுப்பு வீரர்கள் துப்பாக்கி ஏந்தினர். 'கொடுத்தார் லிங்கன்' என்பது பாதி வரலாறு.

இங்கும் அப்படியே. 1859 விளம்பரத்தை மன்னர் 'கொடுத்தார்' என்பார்கள். அதற்கு முந்திய நாற்பதாண்டுகளைப் புரட்டுங்கள். 1814இல் கர்னல் மன்றோ, கிறித்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று ஆணையிட்டார். அதாவது, மானம் மதத்தைப் பொறுத்தது! ஞானஸ்நானம் பெற்றால் மார்பை மூடலாம், பெறாவிட்டால் மூடலாகாது! பெண்கள் அந்த எல்லையை ஏற்கவில்லை. மேல்சாதியார் உடுத்தும் தோள்சீலையையே எடுத்து அணிந்தார்கள். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் கலகம். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1827 தொட்டு மீண்டும் தாக்குதல். 1829 பிப்ரவரி 3இல் ராணி பார்வதிபாயின் விளம்பரம் அந்தத் தீர்ப்பை விழுங்கியது: தோள்சீலை கூடாது, ஊழியம் செய்தே ஆக வேண்டும்! சுவாமித்தோப்பில் வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் பேசிய தெய்வ மொழி நமக்கு உடன்பாடன்று. குனிந்த தலைகளை நிமிரச் சொன்னதை மறைக்கவும் மாட்டோம்.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பேரறிக்கை வந்தது: மத விவகாரங்களில் தலையிட மாட்டோம் என்று. அதை ஆதிக்கக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த உரிமச் சீட்டாகப் படித்தார்கள். சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. வீடுகளும் பள்ளிகளும் தீக்கிரையாயின. திவான் மாதவராவ் பழைய 1829 விளம்பரத்தையே எடுத்துக் காட்டினார். கிழிக்கக் கிழிக்க உடுத்தினார்கள் பெண்கள். சென்னை ஆளுநர் டிரெவெலியன் குறுக்கிட்டு அழுத்தம் கொடுத்த பிறகுதான் ஜூலை 26 பிறந்தது. சட்டத்துக்கு முன்னே உடுத்தியவர்கள் அந்தப் பெண்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் பாடநூலில் படித்தோமா?

மதம் எந்தப் பக்கம் நின்றது என்று பகுத்தறிவாளர் கேட்பர். இரு பக்கமும்! தென் அமெரிக்க மாநிலங்களின் போதகர்கள் விவிலியத்தைக் காட்டி அடிமை முறையை நியாயப்படுத்தினர். வடக்கே அதே விவிலியத்தைக் காட்டி எதிர்த்தனர். விவிலியத்தையே கேள்வி கேட்ட இங்கர்சாலோ, வடவர் குதிரைப்படைக்குக் கர்னலாகி 1862 டிசம்பரில் டென்னசி மாநிலத்தில் சிறைப்பட்டார். இங்கே லண்டன் மிஷன் பாதிரிமார் செய்த தொண்டு பெரிது, மறுக்க மாட்டோம். ஆனால் அவர்களுள் முன்னோடியான சார்லஸ் மீட், 1850களின் தொடக்கத்தில் பறையர் குலத்துப் பெண் ஒருவரை மணந்தபோது என்ன நடந்தது? மிஷனோடு பிணக்கு, அவர் வெளியேற நேர்ந்தது, பின்னர் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளைக் கண்காணிக்கும் பணியில் அமர்ந்தார். ஆண்டவன் முன் அனைவரும் சமம், மணவறையில் அல்ல! அமெரிக்காவிலும் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுத்த சட்டங்கள் 1967 வரை உயிரோடிருந்தன.

இனி 1865. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 9இல் தென்னவர் தளபதி லீ சரணடைந்தார். 14இல் லிங்கன் சுடப்பட்டார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வடவர் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார்: கடலோரப் பண்ணை நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுப்பது என்று. ஏறத்தாழ 40,000 பேர் அந்நிலங்களில் குடியேறி ஏர் பூட்டினர். லிங்கனுக்குப் பின் வந்த ஜான்சன் அதே ஆண்டில் நிலத்தைப் பழைய எசமானர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். விடுதலை இவர்களுக்கு; நிலம் அவர்களுக்கு! நிலமில்லாத விடுதலையாளன் எங்கே போவான்? பழைய பண்ணைக்கே வாரக் குடியாகப் போனான். கடன் ஏட்டில் கைநாட்டு வைத்தான்.

அதே 1865இல் திருவிதாங்கூரில் பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளியாயிற்று. அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்த குடியானவர்கள் அந்த நிலத்துக்கு உரிமையாளர் ஆனார்கள், விற்கலாம், வாங்கலாம். குடியானவரின் உரிமைச் சாசனம் என்று வரலாற்று ஆசிரியர்கள் இதைப் புகழ்கிறார்கள். புகழத் தக்கதே. ஆனால் பாட்டம் யார் கையில் இருந்தது? பத்தாண்டு முன்பு வரை தானே ஒரு பாட்டப் பொருளாக இருந்தவனுக்குப் பாட்ட நிலம் ஏது? 1855 அவன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தது. 1865 அவன் நின்ற மண்ணை மற்றவனுக்கு எழுதி வைத்தது. சிறிது நிலமும் பனையும் வைத்திருந்த நாடார்களில் பலர் இந்த வாய்ப்பில் மேலேறினார்கள். வயலடிமைகள் வயலிலேயே நின்றார்கள். ஒடுக்கப்பட்டோர் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள் என்று எழுத ஆசைதான். ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. அமெரிக்க அடிமை விளைவித்த பஞ்சு உலகச் சந்தைக்குப் போயிற்று. போரில் அது தடைப்பட்டபோது லங்காஷயர் ஆலைகள் திருநெல்வேலிக் கரிசல் பஞ்சுக்குக் கையேந்தின. நாஞ்சில் வயலடிமை விளைவித்த நெல்லோ எசமானின் பத்தாயத்துக்கும் கோயில் ஊட்டுப்புரைக்கும் போயிற்று. பஞ்சு ஆலையைப் பெற்றது. ஊட்டுப்புரை எதைப் பெற்றது? ஏப்பத்தை!

அமெரிக்கா விரைந்தது. 1860இல் இருப்புப்பாதை 30,000 மைல். 1900இல் 1,90,000 மைலைத் தாண்டியது. 1869 மே 10 அன்று இரு கடற்கரைகளையும் இணைக்கும் தண்டவாளம் பொருந்திற்று. 1890க்குள் எஃகில் பிரிட்டனை முந்தினர். 1901இல் நூறு கோடி டாலர் முதலீட்டில் ஒரே எஃகுக் கழகம் எழுந்தது. முதலாளிகள் வளர வளர, கறுப்பு மக்களின் கோரிக்கை வடவருக்குத் தொந்தரவாயிற்று. 1877இல் தெற்கிலிருந்து படைகளைத் திருப்பி அழைத்துக் கொண்டனர். 1896இல் உச்ச நீதிமன்றமே, தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்று தீர்ப்பளித்தது. மனு எழுதாத ஒன்றையா எழுதிவிட்டார்கள்? இரண்டு ஆண்டு கழித்து ஸ்பெயினை வென்று பிலிப்பைன் தீவுகளை இரண்டு கோடி டாலருக்கு வாங்கிக் கொண்டனர். உள்ளூரில் சமத்துவம் தராதவர் கடல் கடந்து நாகரிகம் தரப் போனார்கள்!

இங்கே தொழில் எப்படி வந்தது? எஃகாக அல்ல, நூலாக. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் சரிகைப் பின்னல் பள்ளி தொடங்கினார். அங்கு பயின்ற அடிமைச் சிறுமியர் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். 1855க்கு முப்பது ஆண்டு முன்பு! மன்னர் கையெழுத்தைவிட அந்த ஊசி முந்திக் கொண்டது.

பிறகு அமெரிக்காவே நேரில் வந்தது, குழித்துறைக்குப் பக்கத்தில். 1920களின் நடுவில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம் அமைந்தது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். பீரங்கியோடு வரவில்லை, தேனீப் பெட்டியோடு வந்தார். மரப்பொந்தில் தீ மூட்டிக் கூட்டை அழித்துத் தேன் எடுத்த இடத்தில், பெட்டியில் சட்டம் பொருத்தி, அடையைச் சிதைக்காமல் கருவியில் சுழற்றித் தேன் எடுக்கக் கற்றுத் தந்தார்கள். வெள்ளை லெகார்ன் கோழி வந்தது. முட்டையைக் கூட்டாக விற்கும் ஏற்பாடு வந்தது. கருப்பட்டி காய்ச்சுவதில் செம்மை வந்தது. தன் கையே தனக்கு உதவி என்பதே அவர் கொள்கை. நல்ல கொள்கை. நிலம் யாருடையது என்ற கேள்வியை மட்டும் அது கேட்கவில்லை. இன்றும் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும் பருவத்தில் இந்தப் பகுதித் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகச் சுமந்து செல்கிறார்கள். தோட்டம் மற்றவருடையது; தேனீ தன்னுடையது.

1945இல் அணுகுண்டோடு உலக வல்லரசாய் எழுந்த அமெரிக்கா, 1956 ஆகஸ்டில் நம்மோடு கோதுமை ஒப்பந்தம் செய்தது. மரச்சீனிக் கிழங்கும் மீனும் உண்டு வளர்ந்த விளவங்கோட்டாருக்குக் கோதுமை புதுச் சரக்கு. உலகுக்கே சோறு போடும் அந்நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்புக் குழந்தை குடிக்கத் தனிக் குழாய். நாகர்கோவில் வழக்கறிஞர் மன்றத்தில் சாதிக்கொரு தண்ணீர்ப் பானை இருந்ததையும், விளவங்கோட்டுப் பள்ளியாடியில் பிறந்த நேசமணி அதை உடைத்ததையும் இப்பகுதி மக்கள் இன்றும் சொல்வார்கள்.

1954 மே 17இல், பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டத்துக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 11இல், தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் சென்ற மக்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். தாத்தாமார் தோள்சீலைக்கு நின்ற மண்ணில் பேரன்மார் தாய்மொழிக்கு நின்றனர். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. பதின்மூன்றாம் நாள், மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் நிறம் பார்த்து இருக்கை பிரிப்பது செல்லாது என்ற தீர்ப்பை வாஷிங்டன் உறுதி செய்தது. 381 நாட்கள் பேருந்து ஏறாமல் நடந்தே வேலைக்குச் சென்ற கறுப்பு மக்கள், டிசம்பர் 21 காலையில் ஏறி முன்வரிசையில் அமர்ந்தார்கள்.