ஒலிவாங்கியின் முன் ஒரு தலைமுறை

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் சிறுகதைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவர், கவிதைக்கும் ஒதுக்குவர், நாடகத்துக்கும் ஒன்று கிடைத்துவிடும். வானொலி நாடகத்துக்கு அந்த நாடக அத்தியாயத்தின் ஈற்றில் ஒரு பந்தி கிடைத்தாற் பெரிது. அந்தப் பந்தியிலும் எழுதியவரின் பெயர் வரும், தயாரித்தவரின் பெயர் வரும். பேசியவர்களின் பெயர் பெரும்பாலும் வராது. பேசியவர்களைப் பற்றித்தான் இன்று சிறிது பேச எண்ணுகிறேன்.

கொழும்பிலே வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16ஆம் திகதி. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் முயற்சி அது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் லண்டன் பி.பி.சி.யில் ஒலித்தது அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் முன்னர், 1924 ஜனவரியில். ரிச்சர்ட் ஹியூஸ் என்பவர் எழுதியது. நிலக்கரிச் சுரங்கத்தினுள்ளே விளக்கு அணைந்துபோக, இருளில் அகப்பட்ட மனிதர்கள் பேசுவதுதான் கதை. கேட்பவனுக்கும் கண் தெரியாது, பாத்திரங்களுக்கும் கண் தெரியாது. புதிய கலையின் குறைபாட்டையே அதன் கதையாக்கிய கெட்டித்தனத்தை நான் வகுப்பிலே அடிக்கடி சொல்வதுண்டு.

தமிழுக்கு இந்தக் கலை வந்து சேர்ந்தபோது எம்மிடம் இருந்தது மேடைக் குரல். 1911இல் சென்னையிலிருந்து பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் கொழும்புக்கு வந்து நாடகம் ஆடினர். அவர்களைக் கண்டு உருவான ஆர்வத்தில் இங்கே லங்கா சுபோத விலாச சபை எழுந்தது. அதில் வளர்ந்தவர் கலையரசு க. சொர்ணலிங்கம். அந்நாட்களைப் பற்றி அவர் 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலில் எழுதிவைத்துள்ளார். ஒலிபெருக்கி இல்லாத மண்டபத்திலே கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கவேண்டும். ஆகவே தாயின் தாலாட்டும் அரசனின் கட்டளையும் ஒரே உயரத்தில் இருக்கும். இந்தக் குரலைக் கொண்டுபோய் ஒலிவாங்கியின் முன்னே நிறுத்தினால் என்ன ஆகும்? வீட்டு முன்கூடத்தில் இருக்கும் பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் எம்மைப் பார்த்துக் கத்துவது போலிருக்கும்.

இதை மாற்றியவர்களில் முதலிற் சொல்லவேண்டியவர் 'சானா' எனப்பட்ட சண்முகநாதன். இலங்கை வானொலியின் தமிழ் நாடகத்துறை அவர் கையில் வளர்ந்தது. அவர் ஓவியமும் அறிந்தவர். 'பரியாரி பரமர்' என்ற நடைச்சித்திரத் தொகுதி அவருடையது. ஆளைக் கோடுகளாற் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஆளைக் குரலாற் பிடிக்கவும் தெரிந்திருக்கிறது. அவருக்கு வாய்த்த எழுத்தாளர் இலங்கையர்கோன். எமது சிறுகதை முன்னோடிகளில் ஒருவராக அவரைப் பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறோம். ஆனால் அந்த நாளிலே யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் அவரைக் கொண்டாடியது 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' என்னும் வானொலி நாடகங்களுக்காக. அவர் உத்தியோகத்திற் காரியாதிகாரி. நாள் முழுவதும் விதானைமாரின் அறிக்கைகளையும் சமாதானங்களையும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இரவிலே விதானையாரின் வீட்டுக்குள்ளே நேயரை அழைத்துச் சென்றிருக்கிறார்! 1961இல் அவர் காலமானபோது வயது ஐம்பதைத் தொடவில்லை.

அந்த நாடகங்களின் புதுமை அவற்றின் பேச்சு. செந்தமிழிலே உரையாடிய அரசர்கள் போய், 'என்ன காணும்' என்று தொடங்கும் மனிதர்கள் வந்தார்கள். இதைச் சிலர் கண்டித்தனர். வானொலி மொழியைக் கெடுக்கிறது என்றனர். தமிழாசிரியன் என்ற முறையில் அக்கண்டனத்தை விளங்கிக்கொள்ள முடிகிறது. ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒலிவாங்கியின் முன் நடிப்பது எப்படி என்பதை எனக்குச் சொன்னவர் என் தந்தையாரின் நண்பர் ஒருவர். பகலில் திணைக்களமொன்றிலே எழுதுவினைஞர். மாலையில் கந்தோர் விட்டு நேரே டொரிங்டன் சதுக்கத்துக்குப் போய்விடுவார். குரல் தேர்விலே தேறி வந்தவர். பிரதியின் தாள்களைச் சேர்த்து ஊசி குத்தக்கூடாது, ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கவேண்டும், படித்த தாளைச் சத்தமின்றிக் கீழே நழுவவிடவேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த முதற் பாடமாம். கோபத்துக்கு ஓர் அடி பின்னே நிற்கவேண்டும். இரகசியத்துக்கு ஒலிவாங்கியோடு ஒட்டவேண்டும். வாசலில் இருந்து வருபவர் அறை மூலையிற் பேசத் தொடங்கிப் பேசிக்கொண்டே நடந்து வரவேண்டும். தூரமே அங்கே காட்சியமைப்பு. சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும் என்பது எல்லோரும் அறிந்த கதை. "குதிரை சுகம் தம்பி, சும்மா இருக்கிறதைத்தான் நடிக்கேலாது" என்பார். மற்றவர் பேசும்போது மூச்சு விடுவதைக்கூட அந்தப் பாத்திரமாகவே விடவேண்டும் என்பது அவர் கருத்து. சன்மானம் எவ்வளவு என்று கேட்டேன். பஸ்சுக்கும் ஒரு பிளேன்ரீக்கும் போக மிச்சம் வந்தது என்று சிரித்தார்.

இதுதான் அந்தத் தலைமுறையின் உண்மை நிலை. மிகச் சிலரைத் தவிர எவரும் குரலை மட்டும் நம்பி வாழவில்லை. 'அண்ணை றைற்' தனிநடிப்பால் உலகத் தமிழரெல்லாம் அறிந்த கே. எஸ். பாலச்சந்திரன், இறைவரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். மலையகத்தின் சிறந்த சிறுகதையாசிரியர் என்.எஸ்.எம். இராமையாவும் வானொலி நாடகம் எழுதியவரே. அவருடைய 'விடிவெள்ளி' நாடகத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்திலே, பள்ளிச் சிறுமியொருத்தி நடிக்க வந்தாள். பின்னாளில் வானொலிக் குயில் எனப் பெயர் பெற்ற ராஜேஸ்வரி சண்முகம் அவர். கொட்டாஞ்சேனையை அடுத்த விவேகானந்தா மேட்டிலே பிறந்தவர். 2012இல் அவர் மறைந்தபோது தமிழ்நாட்டின் தென்கரையிலே இருந்தவர்களும் தம் வீட்டு இழப்பாக அதைக் கருதினர். கடல் கடந்து கேட்ட குரல் அது.

எழுபதுகள் இக்கலையின் நிறைவேனிற்காலம். சில்லையூர் செல்வராசன் திரைக்கதையாக எழுதிய 'தணியாத தாகம்' கே.எம். வாசகரின் நெறியாள்கையில் வர்த்தக சேவையிலே தொடராக வந்தது. அது ஒலிக்கும் நேரத்தில் ஒழுங்கைகளில் நடமாட்டம் குறைந்திருந்தது என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பி. விக்னேஸ்வரன், ஜோர்ஜ் சந்திரசேகரன் முதலான தயாரிப்பாளர்களும் அக்காலத்தவர்களே. முஸ்லிம் சேவை தனக்கெனத் தனி நாடக மரபை வளர்த்தது. 'இசையும் கதையும்' என்ற நிகழ்ச்சியோ நேயர்களையே கதைசொல்லிகளாக்கியது: ஊரிலே ஒரு பெண் கதை எழுதி, இடையிடையே இன்ன பாடல் வரவேண்டும் என்று குறித்து அனுப்புவாள், அதை அறிவிப்பாளர் உருக்கமாகச் சொல்வார். இலக்கிய விமர்சகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. என் தாயார் அழுததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே நான் அந்த விமர்சகர் வரிசையிற் சேரமாட்டேன்.

ஆயினும் கொழும்புக்கே உரிய நாடகம் எது என்று கேட்டால் 'கோமாளிகள் கும்மாளம்' என்றே சொல்வேன். எஸ். ராமதாஸ் எழுதியது, 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீட். கவனித்துப் பாருங்கள். முஸ்லிம் பெரியவராகப் பேசியவர் இந்து. பிராமணத் தமிழ் பேசியவர் முஸ்லிம். சிங்களவரின் தமிழைப் பேசியவர் தமிழர். யாழ்ப்பாணத்தாரின் பேச்சும் நடுவே வரும். வெள்ளவத்தையிலே ஒரு மாடிவீட்டிலும் கொட்டாஞ்சேனையிலே ஒரு தோட்டத்திலும் அன்றாடம் காதில் விழும் அத்தனை தமிழும் அரைமணி நேரத்துக்குள் வந்துபோகும். மேடையில் இது சாத்தியமா? உடையும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். வானொலியிலே குரல் மட்டுமே சாட்சி. என் தந்தையார் மரிக்காரைப் போற் பேசி எங்களைச் சிரிக்க வைப்பார்; எதிர்வீட்டு நானா ஐயரைப் போற் பேசிப் பதில் கொடுப்பார். இரண்டு வாசல்களுக்கும் இடையே ஒழுங்கை.

அதே கொழும்பில்தான் 1983 ஜூலை வந்தது. ஒருவர் எந்தத் தமிழை, எந்தச் சிங்களத்தை, எப்படி உச்சரிக்கிறார் என்பதே உயிரைத் தீர்மானித்த நாட்கள் அவை. வேறொருவராகப் பேசத் தெரிந்திருப்பது கலையாக இருந்த நகரத்தில் அது தப்பிப் பிழைக்கும் வழியாயிற்று. அதன்பின் கலைஞர்கள் சிதறினர். சிலர் யாழ்ப்பாணம் போயினர், சிலர் கடல் கடந்தனர். பாலச்சந்திரன் 2014இல் கனடாவிலே காலமானார்; ராமதாஸ் 2016இல் சென்னையிலே காலமானார். இங்கேயே இருந்தவர்களும் பாதுகாப்பாக இருந்துவிடவில்லை: கே.எஸ். ராஜா என்னும் அந்த மின்னல்வேக அறிவிப்பாளர் 1994இல் கொழும்பிலே கொல்லப்பட்டார்.

அவர்கள் பேசியவை எங்கே? யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாம் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. ஆனால் ஒலிநாடாக்கள் அழிவதற்கு நெருப்புத் தேவைப்படவில்லை. நாடா விலை கூடியது. ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவது உலக வானொலிகள் எங்கும் இருந்த வழக்கம், பி.பி.சி.யிலும் இருந்தது. எஞ்சியதை ஈரமும் பூஞ்சணமும் பார்த்துக்கொள்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தினால் எமது பழைய சஞ்சிகைகளை இன்று வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. 'லண்டன் கந்தையா'வைக் கேட்கவேண்டுமானால் எங்கே போவது? அக்கால நேயர் யாராவது கசெற்றில் பதிந்து அலுமாரியில் வைத்திருந்தாலன்றி வழியில்லை. நேயர்களே, உங்கள் வீட்டிலே அப்படி ஒரு கசெற் இருக்குமானால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் வலிந்து ஓடவிட்டும் பார்க்கவேண்டாம். விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 1998இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் பண்பலை வானொலிகள் வந்தன. குரலுக்கு வேலை கூடியது. நாடகத்துக்கு இடம் குறைந்தது. இன்று குரலை வைத்துப் பிழைக்க நினைக்கும் இளைஞருக்கு விளம்பரம் இருக்கிறது, பின்னணிக் குரல் இருக்கிறது, வேற்றுமொழித் தொடர்களுக்கும் சித்திரப் படங்களுக்கும் தமிழ்க் குரல் கொடுக்கும் வேலை இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன், கொட்டாஞ்சேனைக்காரன், அந்த வேலைக்குப் போகிறான். கலையகத்திலே அவனுக்கு முதலிற் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? "தம்பி, இலங்கைத் தமிழ் தெரியக்கூடாது." சென்னைச் சந்தையிலும் போகவேண்டுமாம். வில்லனின் அடியாளுக்கு மட்டும் ஊர்ப்பேச்சு ஆகுமாம். "சேர், எனக்கு மூன்று விதமாக் கதைக்கத் தெரியும். மூன்றும் வேண்டாமாம்" என்றான். ஐம்பதுகளில் இலங்கையர்கோனும் சானாவும் திறந்த கதவு இது. கதவைச் சாத்துவது இம்முறை பண்டிதர்கள் அல்லர், கணக்குப்பிள்ளைகள்.

அவனுக்கு இன்னொரு பயமும் உண்டு. ஒருமுறை சில மணி நேரம் வாசித்துக் கொடுத்தால், அவன் இல்லாமலே அவன் குரலிற் பேசக்கூடிய கணினிகள் வந்துவிட்டன. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கத்தினர் ஜூலை முதல் நவம்பர் வரை வேலைநிறுத்தம் செய்தபோது இதுவும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார். இவனிடம் இருந்தது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள். கையொப்பமிட்டு அனுப்பிய பிறகே என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நான் தமிழாசிரியன், அகராதியை வைத்துக்கொண்டு இருவரும் ஓரிரவு படித்தோம். அவனுடைய குரலை "எல்லா வடிவங்களிலும்" பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. அடுத்த தாள் வந்தால் கையொப்பத்துக்கு முன் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். என்னால் இயன்றது அவ்வளவே.

சென்ற தவணையிலே வகுப்பில் 'அண்ணை றைற்' ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒரு மனிதர், ஒரு பஸ், ஏறி இறங்கும் சனம் முழுவதும். பிள்ளைகள் சிரித்தார்கள். சில சொற்கள் விளங்கவில்லை என்றார்கள், விளக்கினேன். பின்வாங்கில் இருந்த பிள்ளையொருத்தி எழுந்து, தான் நூறாம் இலக்க பஸ் கொண்டக்டரைச் செய்து காட்டவா என்று கேட்டாள். செய்தாள். பாணந்துறையிலிருந்து புறக்கோட்டை வரை சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து, மீதிக்காசு கேட்கும் ஆச்சியும், நித்திரை தூங்கும் கந்தோர்க்காரரும், வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பையோடு ஏறும் அம்மாவுமாக ஐந்து நிமிடம். வகுப்பே எழுந்து நின்றது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

தொலைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. பதிவு செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் திரும்பச் செய்யச் சொன்னேன். செய்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆச்சி அன்று ஏறவில்லை.