துண்டு விழுந்த கதை

இளம்பிள்ளை நெசவாளர் ஊர். அங்கே தறியில் விழுவது சேலை. துண்டு விழுவதெல்லாம் சர்க்கார் பட்ஜெட்டில்தான். ஒரு பெரிய துண்டு அந்தச் சேலம் ஜில்லாவை வைத்தே விழுந்தது.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் தொடங்கியது அங்கேதான். அவர் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த ஜில்லா அல்லவா! கூலிப் பணம் கள்ளுக்கடைக்குப் போகாமல் அடுப்படிக்குப் போகட்டும் என்பது எண்ணம். ஆனால் சென்னை மாகாணக் கஜானாவைத் தாங்கிய பெரிய தூண்களில் கள், சாராய வரியும் ஒன்று. தூணைப் பிடுங்கியாயிற்று, கூரைக்கு என்ன வழி?

பள்ளிக்கூடச் செலவில் கை வைத்திருக்கலாம்; கடன் வாங்கி நாளைக் கடத்தியிருக்கலாம். நிதி இலாகாவையும் தாமே வைத்திருந்த ராஜாஜி, 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தார். இந்தியாவில் அதற்கு முன் எந்த மாகாணமும் துணியாதது! நூறு ரூபாய் விற்பனைக்கு எட்டணா. வியாபாரிகள் கொதித்தார்கள். எனக்குப் பிடித்தது சட்டத்தில் விட்ட விலக்குகள்தாம்: சின்னக் கடைக்காரருக்கு வரியில்லை, பருத்தி நூலுக்கு இல்லை, கைத்தறித் துணி மட்டுமே விற்பவருக்கும் இல்லை. இளம்பிள்ளைத் தறிக்காரரைத் தொடாமல் கஜானாவை நிரப்பப் பார்த்தார்கள்.

அந்த அக்டோபரிலேயே மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. பின்னால் வந்த கவர்னர் ஆட்சி, யுத்தத்தின் நடுவே மதுவிலக்கைக் கைவிட்டுக் கடைகளைத் திறந்தது. மதுவிலக்கின் நஷ்டத்தை ஈடுகட்ட வந்த வரியை மட்டும் எடுக்கவில்லை.